இரண்டு புகைப்படங்கள்

தாய் மண் தேடி – 6

கொரிய யுத்தம் ஓய்ந்து இரண்டு வருஷங்களுக்குப் பிறகு, அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்தைச் சேர்ந்த ஹாரி ஹோல்ட் என்ற விவசாயியும் அவர் மனைவி பெர்த்தாவும், நிராதரவாய்க் கிடந்த எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுப்பதற்காக, 1955-இல் அமெரிக்க காங்கிரஸையே ஒரு தனிச் சட்டம் இயற்றச் செய்த வரலாற்றைச் சென்ற வாரம் சொல்லி நிறுத்தியிருந்தேன். கருணையினால் தொடங்கிய அந்தக் காரியம், பின்னால் சுமார் இரண்டு லட்சம் கொரியக் குழந்தைகளைக் கடல் கடந்து கொண்டுபோன பெரும் பிரவாகமாக மாறிற்று. அவர்களில் ஒருத்தியின் கதையை இந்த வாரம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். திரும்பி வருகிறவர்களின் துக்கம் எந்த இடத்தில் முடிச்சிட்டுக் கிடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதை வேறொன்றை நான் அறியேன்.

1966-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் வந்திறங்கிய எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் பாஸ்போர்ட்டில் சா ஜங் ஹீ என்ற பெயர் எழுதியிருந்தது. தன் பெயர் காங் ஓக் ஜின் என்பதும், தாயும் உடன்பிறந்தாரும் தனக்கு உண்டு என்பதும் அந்தச் சிறுமிக்கு நன்றாகத் தெரியும். போர்ஷே என்ற அமெரிக்கத் தம்பதிகள், கொரிய அனாதை விடுதி ஒன்றிலிருந்த சா ஜங் ஹீ என்னும் குழந்தைக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி வந்து, அன்பு முற்றி அவளையே சுவீகாரம் செய்துகொள்ள விரும்பி மனுப் போட்டிருந்தார்கள். அதற்குள் அந்தக் குழந்தையின் தகப்பனார் வந்து மகளை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். காரியம் கெட்டுவிடக் கூடாதென்று கருதியவர்கள், அதே விடுதியிலிருந்த வேறொரு சிறுமியை அந்தப் பெயரோடும் அந்தத் தஸ்தாவேஜுகளோடும் விமானத்தில் ஏற்றினார்கள்; உன் உண்மைப் பெயரை யாரிடமும் சொல்லாதே என்று எச்சரித்தும் அனுப்பினார்கள்.

ஆங்கிலம் கொஞ்சம் நாவில் வந்ததும் குழந்தை உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டார்கள் என்று காகிதத்தில் தெளிவாக எழுதியிருக்கும்போது வேறென்ன நினைக்க முடியும்? குழந்தை ஏதோ துர்ச்சொப்பனம் கண்டிருக்கிறாள் என்று வளர்ப்புத் தாய் தேற்றினாள். அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் அன்பு மெய்யானது. அரசாங்க முத்திரையிட்ட காகிதத்தை நம்பினாள், அவ்வளவுதான். நாளடைவில் குழந்தைக்கு மொழி மறந்தது. மொழியோடு ஞாபகமும் போயிற்று. வாலிபப் பிராயத்தில் பழைய நினைவுகள் கனவுகளாகத் திரும்பத் தொடங்கிய பிறகு, அவள் தன் தத்துக் காகிதங்களை எடுத்துப் புரட்டினாள். அவற்றில் இரண்டு புகைப்படங்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே பெயர். முகங்கள் மாத்திரம் வேறு வேறு. ஒன்று அவள் முகம், மற்றது யாரோ ஒரு சிறுமி.

விடுதிக்குக் கடிதம் எழுதினாள். பதில் அவளுடைய சொந்தச் சகோதரனிடமிருந்து வந்தது, தாய் உயிரோடிருந்தாள். டியான் போர்ஷே லீம் என்ற பெயரில் திரைப்பட இயக்குநராக அறியப்படும் இந்தப் பெண்மணி, பெற்ற தாயையும் வளர்த்த பெற்றோரையும் கொரிய மண்ணில் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசச் செய்த காட்சியை 2000-இல் வெளிவந்த தம் ஆவணப்படத்தில் பதிவு செய்திருக்கிறார். பத்து வருஷம் கழித்து, தாம் யாருடைய பெயரில் வாழ்ந்தாரோ அந்தச் சா ஜங் ஹீயைத் தேடிப் புறப்பட்டு, அதையும் ஒரு படமாக்கினார்.

இந்தக் கதையில் வரும் பொய்க் காகிதம் ஒரு விடுதிக்காரரின் சாமர்த்தியத்தால் மட்டும் விளைந்ததென்று எண்ணிவிடக் கூடாது. நம்மவர்கள் பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுத்து வம்சத்தைக் காத்தது போலவே, கொரியரும் அந்நாளில் தகப்பன் வழி ரத்தசம்பந்தமுள்ள பிள்ளையைத்தான் தத்தெடுத்து வந்தார்கள். ஊர்பேர் தெரியாத குழந்தைக்கோ, அந்நியச் சிப்பாய்க்குப் பிறந்த குழந்தைக்கோ, மணமாகாத தாயின் குழந்தைக்கோ குடும்பப் பதிவேட்டில் இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. மறுபக்கம் அமெரிக்கச் சட்டமோ, 'அனாதை' என்று நிரூபிக்கப்பட்ட குழந்தைக்கே பிரவேச அனுமதி தந்தது. எனவே தாயோ தகப்பனோ உயிரோடிருக்கும் குழந்தைகளுக்கும், தன்னந்தனியாகத் தானே குடும்பத் தலைவனென்று காட்டும் அனாதைப் பதிவேடு ஒன்று எழுதப்பட்டது. பால்குடி மறவாத சிசு, சட்டத்தின் கண்ணில், முன்னோரற்ற ஒரு குடும்பத்தின் தலைவனாக நின்றது!

யுத்தத்தின் கொடுமை என்று சொல்லி இதை முடித்துவிடலாம் என்றால், கணக்கு இடங்கொடுக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் தொகை உச்சத்தை எட்டியது, யுத்தம் நின்று முப்பத்திரண்டு வருஷங்கள் கழிந்து, தேசம் தொழில் வளத்தில் ஓங்கிக்கொண்டிருந்த 1985-இல். அந்த ஓராண்டில் மட்டும் 8,837 குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோர் மணமாகாத தாய்மாரின் பிள்ளைகள். 1988-இல் ஸோல் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது அயல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிய கண்டனங்களுக்குப் பின்னரே அந்த எண்ணிக்கை கீழிறங்கிற்று.

இப்போது அந்தக் குழந்தைகள் நாற்பதும் ஐம்பதும் வயதானவர்களாகத் திரும்பி வருகிறார்கள். தத்து ஸ்தாபனத்துக் கோப்பைத் திறந்தால், போலீஸ் சாவடி வாசலில் கண்டெடுக்கப்பட்டதாக ஒரு வரி இருக்கும். அதுகூட மெய்யா என்று தெரியாது. பெற்றோரின் விலாசம் அகப்பட்டாலும், அவர்களுக்குக் கடிதம் போய், அவர்கள் சம்மதம் சொன்னால்தான் பெயரைத் தெரிவிக்கலாம் என்பது விதி. பல வருஷங்களுக்கு முன் ஒருவருக்கும் சொல்லாமல் பெற்று, பிறகு வேறொரு மணம் புரிந்து பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஒரு கிழவியின் கையில் அந்தக் கடிதம் போய்ச் சேரும் மத்தியானத்தை நினைத்துப் பார்க்கும்போது, அவள் பதில் எழுதவில்லை என்பதற்காக அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. 2020 முதல் வெளிநாடுகளிலுள்ள கொரியத் தூதரகங்களிலேயே மரபணுச் சோதனைக்கு மாதிரி கொடுக்கலாம் என்று வழி செய்திருக்கிறார்கள். காகிதம் சொன்ன பொய்யை ரத்தம் திருத்தக்கூடும். ஆனால், மறுபக்கத்திலும் ஒரு தாயோ தகப்பனோ முன்வந்து மாதிரி கொடுத்திருந்தால்தானே பொருத்தம் காண முடியும்?

சந்திப்பு நேர்ந்தாலும், தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கொரிய மொழியில் தாயை 'ஒம்மா' என்பார்கள். தந்தையை, நம்மைப் போலவே, 'அப்பா' என்பார்கள். அந்த இரண்டு சொற்களை மாத்திரம் புஸ்தகத்தில் படித்து மனனம் செய்துகொண்டு, வேறொன்றும் பேசத் தெரியாமல், முதுமையடைந்த ஒரு முகத்தின் எதிரே நிற்பது எப்படியிருக்கும் என்பதை, தாய்மொழி ஒருநாளும் நாவை விட்டு நீங்காத நம்மால் முற்றும் உணர முடியுமா?

1998-இல் ஜனாதிபதி கிம் டே ஜங், தத்துப் பிள்ளைகள் சிலரைத் தம் மாளிகைக்கே வரவழைத்து, தேசத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனுஷருக்குரிய செய்கை. ஆயினும் மன்னிப்பால் கோப்புகள் திருந்திவிடவில்லை. 2022-இல் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் முன்னின்று, கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் முறையிட்டார்கள். பதினொரு தேசங்களிலிருந்து 367 பேர் மனுச் செய்தார்கள். 2025 மார்ச் 26-ஆம் தேதி, பிறப்புப் பதிவுகள் பொய்யாகப் புனையப்பட்டன, ஒரு குழந்தைக்குப் பதில் வேறொரு குழந்தை அனுப்பப்பட்டது, அரசாங்கம் மேற்பார்வைக் கடமையில் தவறியது என்று ஆணைக்குழு அறிவித்தது. அதே வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி லீ ஜே மியுங்கும் மன்னிப்புக் கோரினார். காங் ஓக் ஜின் என்ற எட்டு வயதுச் சிறுமி சொல்லி ஒருவரும் நம்பாத விஷயத்தை ஓர் அரசாங்க ஸ்தாபனமே ஒப்புக்கொள்வதற்கு ஐம்பத்தொன்பது வருஷங்கள் பிடித்தன.

மார்ச் மாத அறிவிப்புக்காக ஆணைக்குழு பரிசீலித்த மனுக்கள் 98. அவற்றில் 56 பேருடைய மனித உரிமை மீறப்பட்டதாகத் தீர்மானமாயிற்று. மீதி 42 பேருடைய மனுக்கள், தஸ்தாவேஜுகள் போதவில்லை என்ற காரணத்தால், நிறுத்தி வைக்கப்பட்டன.