அறுவை சிகிச்சைக் கூடத்தில் ஒரு காந்தம்

மூளையில் வளர்ந்துள்ள கட்டியை அகற்றுவதற்கு முன், எம்.ஆர்.ஐ. கருவியால் படம் எடுத்து அதன் இருப்பிடத்தை மருத்துவர்கள் கணிக்கிறார்கள். அப்படமே அறுவை சிகிச்சைக்கு வழிகாட்டும் வரைபடம். ஆனால் மண்டையோட்டைத் திறந்தபின் அந்த வரைபடம் மெல்ல மெல்லப் பொய்த்துப் போகிறது! ஏன்?

நமது மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். எனினும் அது மூளைத் தண்டுவட நீரில் மிதப்பதால், ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, அதன் தோற்ற எடை சுமார் 50 கிராமே. மூளையுறையைக் கீறியதும் அந்நீர் வடிகிறது. மிதப்பு விசை குறைகிறது. மென்மையான மூளை சற்றே கீழே அமிழ்கிறது. கட்டியின் ஒரு பகுதியை எடுத்ததும் சுற்றியுள்ள திசுவும் சரிகிறது. இந்த இடப்பெயர்ச்சி சில வேளைகளில் 1 சென்டிமீட்டரையும் தாண்டுவதுண்டு. கட்டிக்கு அருகில் பேச்சுக்குரிய பகுதி இருந்தால், சில மில்லிமீட்டர் பிழையே நோயாளியின் பேச்சைப் பறித்துவிடக்கூடும். அஞ்சிக் குறைவாக வெட்டினாலோ, எஞ்சிய கட்டி மீண்டும் வளரும்.

ஆகவே, சிகிச்சையின் நடுவிலேயே புதிய படம் எடுக்க வேண்டும். இதற்கென 1994-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில், ஃபெரென்ஸ் யோலெஸ் குழுவினர் ஒரு புதுவகைக் கருவியை நிறுவினர். அதில் இரண்டு வளையக் காந்தங்கள் பக்கம் பக்கமாக நின்றன. இடையே இருந்த 56 சென்டிமீட்டர் இடைவெளியில் மருத்துவர் நின்று பணியாற்றினார்.

அதன் காந்தப்புலம் 0.5 டெஸ்லா; புவியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 10,000 மடங்கு. அங்கே சாதாரண எஃகுக் கத்தரிக்கோல் அம்பாகப் பாயும். எனவே டைட்டானியம், பீங்கான் போன்றவற்றால் ஆன கருவிகள் தேவைப்பட்டன. மேலும், உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வெளியிடும் ரேடியோ அலைகள் மிக நலிந்தவை. வெளி அலைகள் புகாதபடி இத்தகைய அறைகளின் சுவர்களைச் செம்புத் தகடு போன்ற உலோகத்தால் மூடுகிறார்கள். இன்று சில மருத்துவமனைகளில், வேண்டும்போது மட்டும் கூரையிலுள்ள தண்டவாளத்தில் காந்தமே நோயாளியிடம் வந்து திரும்புகிறது.

இவ்வளவு பாடும் பயன் தருகிறதா? 2011-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இம்முறையில் 24 நோயாளிகளில் 23 பேருக்கும், வழக்கமான முறையில் 25 பேரில் 17 பேருக்கும், படத்தில் தெரிந்த கட்டி முழுவதும் அகற்றப்பட்டிருந்தது. படம் எடுக்கும் நேரம் சிகிச்சையை நீட்டிக்கத்தான் செய்கிறது. ஆனால் எஞ்சிய கட்டியை மண்டையோட்டை மூடிய பிறகு அறிவதைவிட, மூடுமுன் அறிவதே மேல் அல்லவா?