பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் பொழுது சாய்ந்தால் வரும் காய்ச்சலும்

பால்மரக் காடெல்லாம் செம்பனைக் காடாகிவிட்டது. ஆனாலும் நம்மவர்களில் சிலர் லயத்துக்குப் பின்னால் மாடு கட்டுவதை இன்னும் விடவில்லை. காலையில் நாலு போத்தல் பால் விற்றால் பிள்ளையின் பள்ளிப் பஸ் காசுக்கு ஆகிறது. சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

அப்படி இரண்டு மாடு வைத்திருக்கும் தொழிலாளி ஒருவரை அண்மையில் சந்தித்தோம். ஆள் பாதியாய் இளைத்திருந்தார். "என்ன அண்ணே, உடம்புக்கு என்ன?" என்றோம்.

"காய்ச்சல்தாங்க. சாயங்காலம் குளிரு தூக்கிப் போடும். நெஞ்சு இறுக்கும், இருமல் வரும். ரெண்டு நாள்ல போயிடும். அப்புறம் மறுபடி வந்துடும்" என்றார்.

கிளினிக்கில் மருந்துத் தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தார்களாம். டிபியாக இருக்குமோ என்று சளியைக்கூட சோதித்தார்கள். ஒன்றுமில்லை. வீட்டிலோ பயம். பக்கத்து வீட்டார் பிள்ளைகளை அவர் அருகில் விடுவதில்லை.

பேச்சுவாக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. தஞ்சோங் காராங் பக்கத்து நெல் வயலிலிருந்து லாரி வைத்து வைக்கோல் வாங்கிப் போட்டிருந்தார். மழையில் நனைந்த கட்டுகள். தகரக் கொட்டகையில் காற்றுப் போக இடமில்லாமல் அடுக்கிவிட்டார். கட்டைப் பிரித்து உதறினால் வெள்ளையாய்ப் புகை மாதிரி தூசி கிளம்புமாம். வாரத்தில் இரண்டு நாள் அந்த வேலை. காய்ச்சலும் வாரத்தில் இரண்டு தடவை!

ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் உள்ளுக்குள்ளே சூடாகும். கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் பூஞ்சணமும் சிலவகைக் கிருமிகளும் செழித்து வளர்கின்றன. அவற்றின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. மூக்கில் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். கிருமி அங்கே குடியேறி நோய் செய்வதில்லை. நம் உடம்புதான் அதைப் பகையாக நினைத்துச் சண்டைக்குப் போய், தன் நுரையீரலையே வீங்க வைத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் இது வருவதில்லை. ஒரே கொட்டகையில் வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. இது ஒட்டுநோயும் அல்ல. பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்த வேண்டியதே இல்லை.

தூசியை மூச்சில் இழுத்ததும் ஒன்றும் தெரியாது. 4 மணியிலிருந்து 8 மணி நேரம் கழித்துத்தான் குளிரும் காய்ச்சலும் வரும். அதனால்தான் காலையில் உதறிய வைக்கோலை மாலைக் காய்ச்சலோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

1932-இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லேண்ட் பகுதியில், ஈரத்தில் கெட்ட காய்ந்த புல்லைக் கையாண்ட பண்ணையாட்களுக்கு இப்படி வந்ததை கேம்பல் என்ற டாக்டர் எழுதி வைத்தார். விவசாயி நுரையீரல் என்று அதற்குப் பெயர் வந்தது. 1965-இல் புறா வளர்ப்பவர்களிடமும் இதே நோயைக் கண்டார்கள். புறா எச்சமும் இறகுத் தூளும் காரணம். நம் பையன்கள் லயத்தில் புறாக் கூண்டு வைத்திருக்கிறார்களே, அவர்களும் கவனிக்கட்டும். கோழிக் கூண்டு கூட்டுகிறவர்களுக்கும், பூஞ்சணம் பிடித்த கரும்புச் சக்கையைக் கையாள்பவர்களுக்கும் இது வருவதுண்டு.

ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் பெரும்பாலும் நுரையீரல் தேறிவிடும். "காய்ச்சல்தானே" என்று வருடக் கணக்கில் தள்ளிப்போட்டால் உள்ளே தழும்பு விழும். விழுந்த தழும்பு மாறாது. பிறகு செம்பனைக் குலை தூக்க வேண்டாம், வீட்டு வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அந்தப் பொடி துண்டுக்குள் புகுந்துவிடும். என்-95 என்கிற முகக்கவசம், முகத்தோடு இறுக்கமாக ஒட்டியிருந்தால், ஓரளவு தடுக்கும். நோய் வந்தவருக்கு அதையும் நம்ப முடியாது. அந்த வேலையை வேறு ஆள் பார்ப்பதே மேல். வைக்கோலை நன்றாகக் காயவைத்து, தரையில் படாமல் பலகை மேல், காற்றோட்டமாய் அடுக்குங்கள். கெட்டுப்போன கட்டை உதறாதீர்கள். தண்ணீர் தெளித்து, காற்று முதுகுப் பக்கம் வீசும்படி நின்று அப்புறப்படுத்துங்கள்.

இத்தாலியில் ரமஸ்ஸினி என்ற மருத்துவர் 1700-இல் தொழில் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் நீ என்ன வேலை செய்கிறாய் என்றும் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர் அவர். நம் டாக்டருக்கு வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள், கேட்க நேரமிருக்காது. நாமே சொல்லிவிட வேண்டும்: "டாக்டர், காலையில வைக்கோல் உதறினேன், சாயங்காலம் காய்ச்சல் வந்துச்சு." அந்த ஒரு வாக்கியம் இருந்தால் எக்ஸ்ரே, ஸ்கேன், மூச்சுப் பரிசோதனை என்று வழி திறக்கும். கம்பெனி வேலையில் இந்தத் தூசி பட்டவர்கள், தங்கள் வேலை என்னவென்று மருத்துவ அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தில் தொழில் நோய்களுக்கென்றே ஓர் அட்டவணை உண்டு. அங்கே போய்க் கேட்பதற்கு எழுத்தில் இருப்பது உதவும்.

நாம் பார்த்தவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ மாட்டை வித்துடணுமா?" என்றுதான் முதலில் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விற்கச் சொல்லவில்லை. வைக்கோலைத்தான் நிறுத்தச் சொன்னார். இப்போது மச்சினன் பச்சைப் புல் அறுத்துப் போடுகிறார். ஒரு மாதமாகக் காய்ச்சல் இல்லை. தழும்பு விழுந்திருக்கிறதா என்று அடுத்த ஸ்கேனில்தான் தெரியும். அதற்குப் போகும் நாளில் பால் கறக்க யாரை விடுவது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள்.