அலகு நம்பிக்கை நிதியம்: விலையும் விற்பனையும்

பலர் சிறுகச் சேர்த்த பணத்தை ஒருங்கு திரட்டிப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலிடும் அமைப்பே அலகு நம்பிக்கை நிதியமாகும். 1931 இல் பிரித்தானியாவில் தோன்றிய இம்முறை 1991 இல் இலங்கையிற் காலூன்றியது.

கம்பனிப் பங்கின் விலையை வாங்குவோரும் விற்போரும் சந்தையில் நிருணயிப்பர். அலகின் விலையோ கணக்கினாற் பெறப்படுவது. நிதியத்தின் சொத்துப் பெறுமதியிலிருந்து கடன்களையும் செலவுகளையும் கழித்து, எஞ்சியதை அலகுகளின் தொகையால் வகுத்தல் வேண்டும். சொத்து 1,050,000 ரூபா, கழிக்கத்தக்கவை 50,000 ரூபா, அலகுகள் 100,000 எனின், ஓரலகின் பெறுமதி 10 ரூபாவாகும். வாங்கும் விலை இதனிற் சற்று உயர்ந்தும், மீளக் கையளிக்கும் விலை சற்றுத் தாழ்ந்தும் இருத்தல் கூடும், அவ்விடைவெளி கட்டணங்களுக்குரியது.

அலகை விற்பதற்கு வேறொருவரைத் தேட வேண்டுவதில்லை. முகாமைக் கம்பனியே மீளப் பெறும். ஆயினும் கிடைப்பது அன்றைய விலையேயன்றி, இட்ட முதலன்று. ஆதலின், சேமலாப நிதிப் பணத்தைப் பங்கு நிதியத்தில் இட விழையும் அன்பர்கள், அடுத்த ஆண்டு மகளின் திருமணத்துக்கு வேண்டிய தொகையை முதலில் வேறாக எடுத்து வைத்தல் அறிவுடைமையாகும்.