முதல் துப்பாக்கிக்கு முன்னால் இரண்டு சட்டங்கள்

கடலை காய் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் காட்டுப்பன்னி இறங்கும். ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழவு ஓட்டின மாதிரி கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு எதையும் விடுவதில்லை. மண்புழு நிறைந்த நிலம் என்றால் அதற்கு இன்னும் கொண்டாட்டம். மண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கு நமக்குக் கிடைக்கிற கூலி இது!

மலையடிவார ஊர்களில் நம் கூட்டம் எங்கே நடந்தாலும் தேநீர் இடைவேளையில் யாராவது ஒரு தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறார்: "ஏனுங்கய்யா, லோன் கீன் போட்டாவது ஒரு ரைபிள் வாங்கி வச்சுட்டா இந்தத் தொல்லை தீர்ந்துடுமில்லீங்களா?" முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் விதிமுறைப் புத்தகங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். சட்டத்தை வரி வரியாகப் படிப்பது எனக்குச் சலிப்பு தருவதில்லை. அதனால் 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டம், 2016ஆம் ஆண்டு படைக்கல விதிகள், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மூன்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். தம்பிமார்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில் ரைபிள் என்ற சொல்லைச் சரி செய்துகொள்வோம். நாம் எல்லாத் துப்பாக்கியையும் ரைபிள் என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை. குழாயின் உள்பக்கம் திருகு வரி வெட்டியிருந்தால்தான் ரைபிள். தோட்டா சுழன்றுகொண்டே நேராக வெகுதூரம் போகும். உள்ளே வழவழவென்று இருந்தால் அது சாதாரணத் துப்பாக்கி. ரவை சிதறிப் போகும், தூரம் குறைவு. வாய்ப்பக்கமாகக் கருமருந்து இடித்து நிரப்புகிற பழைய வகையை ஆபீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். என்பார்கள். பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிற ஒற்றைக்குழல் எஸ்.பி.பி.எல்., இரட்டைக்குழல் டி.பி.பி.எல்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி கேட்டால், மறுக்கக் காரணம் எதுவும் இல்லாத பட்சத்தில், உரிமம் 'வழங்க வேண்டும்' என்றே எழுதியிருக்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால், குழாய் 20 அங்குலத்துக்குக் குறையாத வேறு வழவழக் குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். பயிருக்கு ரைபிள் வேண்டும் என்றால் இந்த வரிசையில் இடமில்லை. 'தக்க காரணம் உண்டு' என்று அதிகாரி நம்ப வேண்டும். முடிவு முழுக்க அவர் கையில். புள்ளி இருபத்திரண்டு ரைபிளுக்கு ஒரு தனி வாசல் இருக்கிறது. அது துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர்களின் இலக்குப் பயிற்சிக்கு, கடலைக்காட்டுக்கு அல்ல. புள்ளி மூன்று நாட் மூன்று போன்ற ராணுவ அளவுகள் தடை செய்யப்பட்டவை. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த புள்ளி மூன்று பதினைந்துதான் நம் நாட்டில் சாதாரண ஆள் உரிமம் வாங்கி வைத்திருக்கிற வழக்கமான ரைபிள்.

என் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டமே இடம் கொடுத்தாலும் தோட்டத்துக்கு ரைபிள் ஏற்றதல்ல. சின்னப் புள்ளி இருபத்திரண்டு தோட்டாவே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. நம்முடைய காடுகரையில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை சாளை, எத்தனை பட்டி, எத்தனை பேர் ராத்திரி தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, விண்ணப்பம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வன்முறை வழக்கிலோ ஒழுக்கக்கேடான குற்றத்திலோ தண்டனை பெற்றவருக்கு, தண்டனைக் காலம் முடிந்து ஐந்து ஆண்டு வரை கிடையாது. மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலகம், காவல் ஆணையர் உள்ள மாநகரத்தில் ஆணையர் அலுவலகம். ஏ-1 என்ற படிவம். அதோடு அடையாளம், முகவரிச் சான்றுகள், மன நலம் உட்பட உடல் தகுதிக்கு மருத்துவர் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் போக வேண்டும். துப்பாக்கியைக் கையாளும் பாதுகாப்புப் பயிற்சியும் விதியில் உண்டு. பயிர்ப் பாதுகாப்பு என்று கேட்பதால் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களையும், முந்தைய பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் கொடுத்த மனுக்களையும் இணைத்து வையுங்கள். வங்கியில் கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, ஆள் சொல்வதற்குக் காகிதம் சாட்சி சொல்கிறதா என்பதைத்தான். அங்கேயும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

காவல் நிலைய அறிக்கை வராமல் மனு கிடப்பில் கிடக்கிறது என்பது எல்லா ஊரிலும் கேட்கிற புலம்பல். குறித்த காலத்துக்குள் அறிக்கை வராவிட்டால் அதற்குக் காத்திருக்காமலே உத்தரவு போடலாம் என்று சட்டம் அதிகாரிக்கு வழி விட்டிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால், பொது நலன் கருதி மறைக்க வேண்டியது இல்லாத பட்சத்தில், சுருக்கமாகக் கொடுக்கவும் வேண்டும். அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம். சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்றும் 14ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு ஏக்கர் சிறு விவசாயி இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கதவு உண்டு. பலருக்கு இது தெரியாது. வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் கொடுக்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். சத்தியமங்கலம், முதுமலை, ஆனைமலை, களக்காடு ஓரங்களில் மனுக்கள் ஏன் நகர மாட்டேன் என்கின்றன என்பதற்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

உரிமம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன வகைத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, எந்த எல்லைக்குள் என்று எழுதியிருக்கும். தேசியப் பதிவில் ஏறிய தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத உரிமம் செல்லாது. உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள்; வாங்கியதும் துப்பாக்கியின் எண்ணை உரிமத்தில் பதிய வையுங்கள். தெரிந்தவரிடம் பழைய துப்பாக்கி வாங்குவதானால், விற்பவர் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான். உரிமக் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீண்டது. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்கான தண்டனையையும் அதே திருத்தம் இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை என்று உயர்த்தியது. 'எங்க தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி, பரண்மேல சும்மா கிடக்குது' என்பவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.

இன்னொன்று: உரிமம் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை மகன் தூக்கிக்கொண்டு ராக்காவல் போனால் மகன் உரிமம் இல்லாதவன்.

இனிமேல்தான் விஷயமே. கையில் உரிமம் இருக்கிறது, காட்டில் பன்னி நிற்கிறது. சுடலாமா? கூடாது. ஆட்சியர் கொடுத்தது துப்பாக்கியை வைத்துக்கொள்ளும் அனுமதி. விலங்கைக் கொல்லும் அனுமதி வேறு சட்டத்தில், வேறு அதிகாரியிடம் இருக்கிறது. வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்னி இரண்டாம் பட்டியலில் உள்ளது. அது நிற்கும் பயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ காரணம் குறிப்பிட்டு எழுத்தில் உத்தரவிட்டால்தான் வேட்டை. வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, அதற்கான முயற்சி எல்லாம் சேர்த்தி. மயில், யானை, காட்டெருமை முதல் பட்டியலில் இருக்கின்றன. அங்கே பயிர் என்ற பேச்சே எடுபடாது. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காக நல்லெண்ணத்தில் கொன்றால் குற்றமில்லை. கடலையைக் காப்பது தற்காப்பு ஆகாது.

அனுமதியில்லாமல் சுட்டு வழக்கில் தண்டனை ஆனால், சிறையோடும் அபராதத்தோடும் போகாது. துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து, ஐந்து ஆண்டுக்கு மறுபடி உரிமம் பெறத் தகுதியில்லை என்று நீதிமன்றம் உத்தரவிடலாம்.

"பாலக்காட்டுல சுடுறாங்களே, வீடியோ வருதுங்களே" என்பார்கள். உண்மைதான். துப்பாக்கிச் சட்டம் நாடு முழுக்க ஒன்று. வன அனுமதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே பன்னி சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைக் கொண்டு சுடுகிறார்கள். குடகில் கொடவர்களுக்குத் துப்பாக்கி உரிமமே தேவையில்லை என்ற பழைய விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. ஆனால் பன்னி சுடும் அனுமதி அதில் அடங்கவில்லை. நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக்கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டும். பன்னி முதலில் மிதிப்பது அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறவன் வயலைத்தான். அவனுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன இருக்கிறது என்று நம் சங்கங்கள் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

அப்படியானால் உரிமத் துப்பாக்கியால் என்ன பயன்? ராத்திரியில் ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக இவ்வளவு காகிதமும் காவலும் தேவையா என்பதை அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. வேலியிலும் பரணிலும் நாயிலும் பணத்தைப் போட்டேன். நான்கு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து முறை வைத்து ராக்காவல் இருப்பதற்கு ஈடாக இதுவரை எதையும் நான் பார்க்கவில்லை. நேரடி மின்சாரத்தை வேலியில் கொடுப்பதையும் அவுட்டுக்காயையும் பற்றிப் பேசவே வேண்டாம். பன்னிக்கு வைத்ததில் யானையும் மனிதனும் செத்த ஊர்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்தி. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். நான் கிளை மேலாளராக இருந்தபோது, காவலர் வைத்திருந்த இரட்டைக்குழலுக்கு விலக்குக் கேட்டு ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். வங்கிக்குக் கிடைக்கிற விலக்கு கடலைக்காட்டுக்கும் கேட்டுப் பார்க்கலாம், மனுவில் பயிர், சர்வே எண், அறுவடை மாதம் மூன்றும் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் ஒப்படைத்து, துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கையோடு ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

அடுத்தது என் வயதுக்காரர்களுக்கு. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு உரிமம் மாற்றக் கேட்கலாம். அதைச் செய்யாமல் கண்ணை மூடிவிட்டால், காரியம் முடிந்த வீட்டில் உரிமம் இல்லாத ஒரு துப்பாக்கி நிற்கும். பிள்ளைகள் தாமதிக்காமல் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, அப்புறம் மாற்று மனு போட வேண்டும்.