குடிக்க ஓர் இடம்: டேப்ரூம், மதுக்கடை, கள்

பெங்களூர் இந்திராநகரில் ஒரு டேப்ரூம். ஞாயிற்றுக்கிழமை மதியம். நானும், ராயபுரத்தில் பனியன் கம்பெனியில் பேட்லாக் ஓட்டும் நண்பர் ஒருவரும் போய் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள். இந்தப் பக்கம் கரும்பலகை. அன்றைக்குக் குழாயில் வருகிற பீர்கள் என்னென்ன, எது கோதுமை, எது பார்லி, ஆல்கஹால் எத்தனை சதவீதம், காய்ச்சியவர் யார் என்பதெல்லாம் சாக்பீசில் எழுதியிருந்தது. நண்பர் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க தோழர், நம்மூர்ல காய்ச்சறவன் பேரை எங்க எழுதுவாங்க? எஃப்.ஐ.ஆர்.லதானுங்க." இந்தக் கட்டுரையை அந்த ஒரு வாக்கியத்துக்கான அடிக்குறிப்பாக வாசித்தால் போதும்.

டேப்ரூம் என்பது காய்ச்சுகிற இடத்திலேயே தொட்டிக் குழாயைத் திறந்து ஊற்றிக் கொடுக்கும் கூடம். செய்முறையில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தானியத்தை நனைத்து முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை உடைத்து 65 டிகிரிச் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், முளைக்குள் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. வடித்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்ற கொடியின் பூவோடு கொதிக்கவைத்து (கசப்பு அதிலிருந்து வருவது), ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ‘ஏல்’ வகை சாதாரண அறைச்சூட்டில் ஒன்றிரண்டு வாரத்தில் தயார். ‘லாகர்’ குளிரில் பல வாரம் கிடக்கவேண்டும். சின்ன ஆலைக்காரருக்குத் தொட்டியை அத்தனை நாள் முடக்கிவைக்கக் கட்டுப்படியாகாது, ஆகவே ஏல் பக்கமே சாய்கிறார். நாங்கள் குடித்த கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை தூக்கலாக இருந்தது. பழம் எதுவும் போடவில்லை, அது ஈஸ்ட் தருகிற வாசனை என்று ஊற்றிக்கொடுத்த பெண் பொறுமையாக விளக்கினார். கவனியுங்கள், விளக்கினார். அங்கே விளக்கத்துக்கும் சேர்த்துத்தான் விலை. ஒரு கிளாசுக்கு நண்பரின் அரை ஷிப்ட் கூலி போயிற்று.

பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நொய்யல் தண்ணீரில் காய்ச்சினால் என்ன கலரில் வரும் என்று நண்பர் கேட்டார். சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊரிலிருந்து வந்தவர் வேறென்ன கேட்பார்.

இந்தச் சின்ன ஆலைகள் மேற்கில் ஓர் எதிர்ப்பாகத் தொடங்கியவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பீர் ஏன் கெடுகிறது என்பது பற்றிய பாஸ்டரின் நூல் 1876இல் வந்தது. 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் ஹான்சன் என்பவர் ஒற்றை ஈஸ்டைப் பிரித்து வளர்த்தார். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரே ருசியில் எத்தனை லட்சம் புட்டி வேண்டுமானாலும் நிரப்புவது சாத்தியமாயிற்று. அறிவியல் தந்த சீர்மையை மூலதனம் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூறுக்கும் குறைவான பீர் ஆலைகளே மிஞ்சியிருந்தன. பிரிட்டனில் 1971இல் குடிப்பவர்களே கூடி ‘உண்மையான ஏல்’ வேண்டும் என்று இயக்கம் கண்டார்கள். அமெரிக்காவில் 1978இல் வீட்டில் காய்ச்சுவதைச் சட்டம் அனுமதித்தது. அடுப்படியில் கற்றுக்கொண்டவர்கள் ஆலை போட்டார்கள். இன்று அங்கே ஒன்பதாயிரத்துக்கு மேல் ஆலைகள்.

நம் பக்கத்தில் கதை வேறு. பீர் இங்கே பட்டாளத்தோடு வந்தது. நீலகிரியிலும் பெங்களூரிலும் வெள்ளைச் சிப்பாய்களுக்காக இருந்த ஆலைகள் உட்பட ஐந்தைச் சேர்த்து 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைட்டெட் ப்ரூவரீஸை உருவாக்கினார். டேப்ரூம் பலகைகளில் தவறாமல் இடம்பெறும் ‘இந்தியா பேல் ஏல்’, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த பீரின் பெயர். குடித்தவனும் விற்றவனும் வெள்ளைக்காரன். இந்தியா அதில் விலாசம் மட்டும்தான். புனேயில் 2009இல் டூலாலி, பெங்களூரில் 2010இல் டாய்ட், 2012இல் மிச்சிகனிலிருந்து கிளை விட்ட ஆர்பர் என்று புதிய அலை தொடங்கியபோது, அதற்கான ஆட்கள் தயாராக இருந்தார்கள். குளிர்ந்த ஊர், பூங்காக்கள், மென்பொருள் சம்பளம். நாங்கள் இருந்த மேஜைக்கு அடுத்த மேஜையில், விடிகாலை நந்தி மலைக்குச் சைக்கிளில் போய்வந்த கூட்டம் ஹெல்மெட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. உடம்பை வருத்துவது பொழுதுபோக்காக இருப்பவர்களின் களைப்பு வேறு மாதிரியானது. முகத்தில் ஒரு மினுமினுப்பு இருக்கிறது.

ருசி என்பது வர்க்கம் தன்னைக் காட்டிக்கொள்ளும் வழி என்று பூர்தியு 1979இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். தமிழ்ச் சூழலில் காப்பியை முன்வைத்து ஆ. இரா. வேங்கடாசலபதி இதைப் பேசியிருக்கிறார். ஆனால் இந்த டேப்ரூம் விவகாரத்தில் ருசியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் சொல்லும் பெருமைகளின் பட்டியல். புதிதாக இறக்கியது. உள்ளூரில் செய்தது. கொஞ்சமாகச் செய்தது. செய்தவர் கையிலிருந்து நேராக வருவது. சற்று யோசித்துப் பாருங்கள், இவை நான்கும் பல்லடத்துத் தென்னந்தோப்பில் முட்டியிலிருந்து இறக்குகிற கள்ளுக்கு அப்படியே பொருந்தும்.

கள்ளுக்குத் தொட்டி வேண்டாம், கொதிக்கவைக்கும் வேலையும் இல்லை. பாளையைச் சீவினால் சொட்டுகிற நீரில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கிறது. காற்றிலும் முட்டியிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் மரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நான்கைந்து சதவீதம் ஆல்கஹால், ஒருநாள் தாண்டினால் புளித்துக் காடியாகிவிடும். ஆகவே கள்ளைத் தூரதேசத்துக்கு அனுப்ப முடியாது, பதுக்க முடியாது, அதில் ஏகபோகம் நடத்துவதும் சிரமம். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு தடைபட்டு, எங்கள் பக்கம் தெளுவு என்று சொல்கிற பதநீர் கிடைக்கும். தடவாவிட்டால் கள். தமிழ்நாட்டில் 1987 முதல் சட்டம் இந்தச் சுண்ணாம்புப் பூச்சில்தான் நிற்கிறது. பூசினால் தொழில், பூசாவிட்டால் வழக்கு. 2017இல் நீரா இறக்க அனுமதி வந்ததே, அதுவும் புளிக்காமல் இருந்தால்தான்.

தானியத்தில் காய்ச்சுவதுகூட நமக்குப் புதிதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு செய்முறையே தருகிறார். அரிசிக் கூழை அகன்ற வாய்ப் பாத்திரத்தில் ஆற்றி, அடையைப் பிசைந்து கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிவது. அந்தக் கரும்பலகைக்கு எழுதிக் கொடுக்கலாம் போல அவ்வளவு துல்லியம். எம்.ஏ. வகுப்பில் இந்த அடிகளைச் சொற்பொருள் சொல்லி வேகமாகத் தாண்டிப் போனார்கள். திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமைக்கு மட்டும் ஒரு முழுப் பீரியடு.

அப்படியானால் கள்ளுக்கு ஏன் கரும்பலகை கிடைக்கவில்லை? காய்ச்சுகிறவர் ‘ப்ரூமாஸ்டர்’ ஆகலாம், ஏறுகிறவர் சாதியாக மட்டுமே இருக்கமுடியும் என்பது என் பதில். கைவினை என்ற சொல் சாதியின் கையிலிருந்து கழன்று வந்த பிறகுதான் விலைபோகிறது. மரமேறுதலை விட்டு விலகுவதையே சுயமரியாதையாகக் கண்ட சமூகங்களின் வரலாறு நம்மிடம் இருக்கிறது. அவர்களிடம் போய் ‘பாரம்பரியம், ஏறுங்கள்’ என்று சொல்ல நான் யார்? 1921இல் ஈ.வெ.ரா. தன் தோப்புத் தென்னைகளை வெட்டினார். அந்த வேகத்தில் நியாயம் இருந்தது. ஆனால் மரம் போனபின்பும் குடி போகவில்லை. 1937இல் சேலத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு 1948க்குள் மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் திறந்தது, 1974க்குள் மூடியது, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் டாஸ்மாக் வந்தது, மொத்த வியாபாரத்துக்கு. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போயிற்று. 2023–24இல் அதன்மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இறக்குபவனுக்குச் சிறை, வடிப்பாலைக்கு லைசென்ஸ். இதை ஒழுக்கத்தின் பெயரால் நடந்த மூலதனத் திரட்டல் என்று சொன்னால் மிகை ஆகாது.

இனி எங்களூர். ராயபுரத்தில் ‘கட்டிங்’ என்றால் இரண்டு அர்த்தம். பகலில் துணி வெட்டுவது. ராத்திரியில் 180 மில்லி குவார்ட்டரை இரண்டு பேர் பங்குபோடுவது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வெளியே வருகிறவனுக்குக் கடை மூடப் பத்து மணி. இடையில் வீடு, சாப்பாடு, அடுத்த நாள் காலை எட்டரைக்குத் திரும்ப மிஷின். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 42.8 சதவீதத்தில் ஒரு குவார்ட்டருக்குள் 77 மில்லி சுத்த ஆல்கஹால். அதே அளவு கள்ளில் சேர வேண்டுமென்றால் ஒன்றரை லிட்டர் குடிக்கவேண்டும். ஒன்றரை லிட்டருக்கு இரண்டு மணி நேரமாவது உட்காரவேண்டும், பேசவேண்டும், இடையில் எழுந்துபோய் வரவேண்டும். குவார்ட்டருக்கு ஐந்து நிமிஷம், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாக்கெட். பீஸ் ரேட்டில் வாழ்கிறவனுக்குக் குடியும் பீஸ் ரேட்டில்தான் கிடைக்கிறது. இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பகுதி ‘ஸ்ட்ராங்’ என்பதும் இந்த நேரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது.

ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையில் ‘புனிதத் திங்கள்’ வருகிறது. சனிக்கிழமை கூலி வாங்கி, ஞாயிறு குடித்து, திங்கட்கிழமை தறிப்பக்கமே போகாத நெசவாளர்கள், செருப்புத் தைப்பவர்கள். தொழிற்சாலைக் கடிகாரம் அந்தத் திங்கட்கிழமையை மெல்லமெல்லப் பிடுங்கிக்கொண்டது. சனிக்கிழமைக் கூலியும் திங்கட்கிழமை ‘ஆள் வரலை’ என்ற முணுமுணுப்பும் எங்களூரில் இன்னும் இருக்கின்றன. மேஸ்திரி அதைச் சோம்பேறித்தனம் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இவ்வளவும் ஆண்களின் கணக்கு, அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரை பொய். சாமளாபுரம் எங்கள் மாவட்டம்தான். 2017 ஏப்ரலில் அங்கே மதுக்கடைக்கெதிராகத் திரண்ட பெண்களில் ஒருவரைக் காவல்துறை உயரதிகாரி கன்னத்தில் அறைந்தது படமாகி நாடே பார்த்தது. 2015 ஜூலையில் சசிபெருமாள் போராட்டத்திலேயே செத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மதுக்கடையை மூடு என்று பாடியதற்காகக் கோவன் கைதானார். அந்தப் பெண்களிடம் போய் குடியின் பண்பாட்டு வெளி, கள்ளின் மரபு என்று பேச எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்து சேராத கூலி அவர்களுடையது. அதேசமயம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதே, அரசுக்கடை திறந்திருந்த காலத்தில்தானே அது? மலிவான, பலவீனமான, யார் செய்தது என்று தெரிந்த ஒரு குடி இல்லாத இடத்தில்தான் பெயரில்லாத பாக்கெட் நுழைகிறது. பெங்களூர் மேஜைகளில் பாதிக்குப் பாதி பெண்கள் இருந்தார்கள், யாரும் யாரையும் முறைக்கவில்லை. அது சம்பளம் வாங்கித் தந்த சமத்துவம்தான். இருந்தாலும் அங்கிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளச் சொன்னால், தொட்டியைவிட அதைத்தான் எடுப்பேன்.

வெளியே வரும்போது வாசலில் ஆலையின் முத்திரை போட்ட டீ சர்ட்டுகள் தொங்கின. நண்பர் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பி, கீழ்மடிப்புத் தையலை விரலால் நீவினார். "நம்மூரு பேட்லாக்குங்க. நூலு கொஞ்சம் லூசு உட்டிருக்கான்." எந்தக் கம்பெனி, எந்த மிஷின் என்று லேபிளில் எதுவும் இல்லை. சைஸ் மட்டும் இருந்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பேரும் பொள்ளாச்சி வழியாக எல்லை தாண்டிச் சித்தூர் பக்கம் போனோம். கேரளத்துக் கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு அந்தத் தாலுகாவில் இறக்குவது. அங்கும் கலப்படப் புகார்கள் உண்டு, எல்லாம் தேன் என்று நான் சொல்லவரவில்லை. கூரைபோட்ட கடை, பெஞ்சு, மரவள்ளிக்கிழங்கு, மீன். இறக்குபவர் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வந்தார். நண்பர் அவரிடம் தமிழிலேயே எந்தத் தோப்பு, எத்தனை மரம், கூலி எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இவர் தன் ஷிப்ட் கணக்கைச் சொன்னார். அவர் தன் மரக் கணக்கைச் சொன்னார். இரண்டாவது கிளாஸ் பாதி இருக்கும்போது நண்பர் மணி பார்த்தார். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவருக்கு ஷிப்ட். பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தோம்.