உறுப்பெல்லாம் அசல், கடிகாரம் மட்டும் போலி

பழைய கைக்கடிகாரச் சந்தையில் போலி இரு வகைப்படும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைப் பொறித்துப் புதிதாகச் செய்யப்படும் நகல் ஒரு வகை. வெவ்வேறு கடிகாரங்களிலிருந்து கழற்றிய இயந்திரம், டயல், முட்கள், உறை ஆகியவற்றை இணைத்து, ஒரே ஆலையிலிருந்து ஒரே காலத்தில் வெளிவந்த முழுக் கடிகாரம் என்று விற்கப்படுவது மறு வகை. சேகரிப்பாளர்கள் ‘ஃபிராங்கன்’ என்று அழைக்கும் இந்த ஒட்டுக் கடிகாரத்தில் உறுப்புகள் பலவும் உண்மையானவையாகவே இருப்பதால், அவற்றைத் தனித்தனியே பார்ப்பவர் ஏமாறுகிறார். ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பவரே தப்புகிறார்.

வல்லுநர்களும் இதற்கு விலக்கல்லர். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏல நிறுவனம் விற்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் விலைபோனது. அதை வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகமே. அது பல கடிகாரங்களின் உறுப்புகளால் கோக்கப்பட்டது என்பது 2023-இல் வெளிப்பட்டபோது, தன் முன்னாள் ஊழியர் மூவருக்கு இதில் தொடர்பு இருந்ததாக ஒமேகாவே அறிவித்தது.

இந்தியச் சந்தையில் இச்சிக்கல் சிறிய தொகைகளில், ஆனால் பரவலாக நிகழ்கிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1961-இல் பெங்களூருவில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் ஜனதா, பைலட் போன்ற சாவி கொடுக்கும் கடிகாரங்களும், ஃபாவ்ர் லூபா, கேமி, ரோமர் போன்ற பழைய சுவிஸ் கடிகாரங்களும், சீக்கோ 5 வகைகளும் டயலுக்கு மறுபூச்சு பூசப்பட்டு, உறை பளபளப்பாக்கப்பட்டு இணையத்தில் விற்கப்படுகின்றன. ஆலை ஒருபோதும் வெளியிடாத பளிச்சென்ற நிறங்களில் வரும் இவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் இட்ட பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’.

கண்டறியும் முறை

சோதனையை டயலில் தொடங்குவது முறை. ஆலையில் அச்சான எழுத்துகள் உருப்பெருக்கியின் கீழும் கூர்மையான விளிம்புடன் தெரியும். மறுபூச்சில் எழுத்து தடித்தும், நிமிடக் கோடுகள் இடைவெளி பிசகியும், எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமலும் இருக்கும். டயலின் பின்புறத்தில் இயந்திரத்தின் துளைகளில் செருகி நிற்கும் சிறு உலோகக் கால்கள் உண்டு. அவை வெட்டப்பட்டு, டயல் பசையாலோ ஒட்டுநாடாவாலோ நிறுத்தப்பட்டிருந்தால், அந்த டயல் வேறொரு இயந்திரத்துக்கு உரியது என்று ஐயுற வலுவான காரணம் உண்டு.

இருளில் ஒளிரும் பூச்சும் சான்று கூறும். ஏறத்தாழ 1960-கள் வரை ரேடியமும், அதன்பின் டிரிட்டியமும் இதற்குப் பயன்பட்டன. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டுகளே. ரேடியம் பூச்சிலோ ஒளிரும் வேதிப்பொருளே சிதைந்துவிடும். ஆகவே 1960-களின் கடிகாரம் விளக்கொளி பட்டபின் இருளில் நெடுநேரம் பிரகாசித்தால், பூச்சு பின்னாளில் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். ஒளி மங்கினாலும் ரேடியத்தின் கதிரியக்கம் பல நூற்றாண்டுகள் நீடிக்கும். எனவே பழைய பூச்சை வீட்டில் சுரண்டிப் பார்ப்பது ஆபத்தானது.

அடுத்து எண்களை ஒப்பிட வேண்டும். பழைய சீக்கோவின் பின்மூடியில் 7009-876A என்பது போன்ற குறியீடு இருந்தால், முதல் நான்கு இலக்கங்கள் இயந்திர வகையைக் குறிக்கும்; அதே எண் இயந்திரத்திலும் டயலின் அடிவிளிம்பிலும் இருக்க வேண்டும். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்த குறி மாதத்தையும் சுட்டும். இயந்திரத்துக்கும் உறைக்கும் இடையே பிற்காலப் பிளாஸ்டிக் வளையம், நிமிடக் கோட்டை எட்டாத முள், தேதிச் சாளரத்தின் நடுவில் நில்லாத எண் ஆகியவையும் கலப்பைக் காட்டிக்கொடுக்கும்.

உரிமையும் தீர்வும்

டயலுக்கு மறுபூச்சு பூசுவதோ, தேய்ந்த உறுப்பை மாற்றுவதோ தவறன்று. அதை மறைத்து ‘முழுவதும் அசல்’ என்று விற்பதே தவறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, உண்மையானது என்று பொய்யாக உரிமை கோரப்படும் பொருளையே போலிப் பொருள் என்று வரையறுக்கிறது. சட்டம் எடைபோடுவது உறுப்பை அன்று, விற்பவரின் கூற்றை. ஆகவே பணம் செலுத்துமுன் டயல், முட்கள், உறை, இயந்திரம் ஒவ்வொன்றும் அசலா, மாற்றப்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் பெறுவதும், உட்புறப் படங்களைக் கேட்பதும், விளம்பரத்தையும் ரசீதையும் சேமிப்பதும் பின்னாளில் வழக்கின் அடித்தளமாகும்.

மின்வணிக விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்க இயலாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், அதன்பின் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது அங்கே கட்டணம் இல்லை. ஆனால் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். பணம் பெற்றவர் மறைந்துவிட்டால், இணைய நிதி மோசடிக்கான 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகாரளிக்க வேண்டும்.

இரு வரம்புகள் கவனத்துக்கு உரியவை. மறுவிற்பனைக்காக வாங்குபவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. வணிகர் அல்லாத தனிநபரிடம் வாங்கியவருக்கும் மேற்கண்ட வழிகள் எளிதில் கிட்டா; அவருக்கு, விவரித்தபடி பொருள் அமைய வேண்டும் என்னும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டமும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் துணை நிற்கும். எனினும் மௌனத்தால் மறைக்கப்பட்ட உண்மையைச் சாதாரணக் கவனத்தாலேயே அறிந்திருக்க முடியும் என்றால், ஒப்பந்தத்தை விலக்கும் உரிமையைப் பின்னது மறுக்கிறது. வாங்குமுன் சோதிப்பது இவ்வகையில் சட்டப் பாதுகாப்பும் ஆகிறது.

ஐயம் எழுந்தபின் பழுதுபார்ப்பவர் எவரிடமும் உறுப்பை மாற்றக் கொடுத்தல் கூடாது. கடிகாரம் வந்த நிலையிலேயே, பொதி பிரிக்கும் காணொளியுடன் காக்கப்பட்டால்தான், உறுப்பை மாற்றியவர் வாங்கியவரே என்ற எதிர்வாதத்துக்கு இடமில்லாமல் போகும்.