பூட்டன் பெயர் தெரியவில்லையா? கங்காணியைத் தேடுங்கள்

ஆடி அமாவாசை நெருங்குகிறது. தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும். அப்பா, பாட்டன் பெயர்கள் தெரியும். பூட்டனிடம் வரும்போதுதான் பாகான் செராய் வட்டாரத்து வாசகர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புலம்பல்: “பதிவு இலாகாவில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள்.”

அந்த ‘இல்லை’யை அப்படியே நம்பவேண்டாம். நீங்கள் எழுதிக் கொடுத்த எழுத்துக்கூட்டலில், அவர்கள் பார்த்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முனியாண்டியை நாலு விதமாக எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அடையாளக் கார்டு 1948-இல்தான் வந்தது. அதற்கு முன்பே, ஜப்பான்காரன் காலத்திலோ அதற்கும் முந்தியோ இறந்த பாட்டனுக்கு ‘இன்னார் மகன்’ என்று போட்ட கார்டு எங்கே இருக்கும்?

இங்கேதான் கங்காணி உதவுகிறார். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை தோட்டங்களுக்குப் பெருமளவில் ஆள் சேர்த்தவர் கங்காணிதான். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அவர் போனது முன்பின் தெரியாத ஊருக்கல்ல, சொந்த ஊருக்கு. பங்காளி, மச்சான், அடுத்த தெருக்காரன் என்று கப்பலேற்றினார். பாசத்தால் என்று நினைக்காதீர்கள். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஓடிப்போனால் வருமானம் போகும். கங்காணியிடம் பட்ட கடனும் சொந்தக்காரன் முகமும் ஓடவிடாது. அன்றைய அதிகாரிகள் இவர்களைச் சுதந்திரக் கூலிகள் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்தச் சொந்தபந்தக் கட்டுதான் இன்றைக்குத் துப்பு. ஒரே கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஓர் ஊர்க்காரர்கள், அல்லது பக்கத்து ஊர்க்காரர்கள். உங்கள் வீட்டில் காகிதம் இல்லாவிட்டாலும் அதே லயத்தில் இருந்த இன்னொரு வீட்டில் ஊரிலிருந்து வந்த பழைய கடிதமோ, பணம் அனுப்பிய ரசீதோ இருக்கலாம். ஊர் தெரிந்தால் அடுத்தது குலதெய்வம். சிவராத்திரிக்கு அந்தக் கோயிலில் கூடும் பங்காளிகளிடம் “மலாயாவுக்குப் போன வீடு எது?” என்று கேளுங்கள். பாட்டனின் அப்பா பெயரோடு அம்மா பெயரும் கிடைக்க வாய்ப்புள்ள இடம் அதுதான்.

ஓர் எச்சரிக்கை. பாகான் செராய் இருக்கும் கிரியானில் ரப்பருக்கு முன் கரும்பு. பாட்டன் அந்தக் காலத்தில் கங்காணி வழியாக அல்லாமல் ஒப்பந்தத்தில் வந்தவரானால் பக்கத்து லயத்துக்காரர் வேறு ஜில்லாவாகவே இருக்கலாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பெயர் வைக்கும் வழக்கம்? மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். உங்கள் பெரியப்பா பெயரே பூட்டன் பெயராக இருக்கலாம். ஆதாரமல்ல, துப்பு.

கப்பல் பட்டியல்? நேட்டாலுக்கும் பிஜிக்கும் போனவர்களுக்கு அப்பா பெயர், கிராமம் எழுதிய பதிவுகள் உண்டு. மலாயாத் தமிழருக்கு அப்படியொரு முழுத் தொகுப்பு இல்லை.

திருமணப் பத்திரம்? கோயிலில் தாலி கட்டியவர்களுக்கு 1982 மார்ச்சுக்கு முன் பதிவு கட்டாயமில்லை.

மரபணுச் சோதனை? உறவைக் காட்டும், பெயரைச் சொல்லாது.

இனி எழுதுகிறவர்கள் பாட்டன் பெயரோடு தோட்டம், கங்காணி, குலதெய்வம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் ‘முனியாண்டி, பாகான் செராய்’ என்றால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.